சாட்சியைத் தனியாக நிற்க விடாதீர்கள்: மனித உரிமை மீறல் ஆவணப்படம் எடுக்க வருபவர்களுக்கு

பதினான்கு வருஷமாகப் படத்தொகுப்பு வேலை பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி சித்திரவதை, கூட்டுக்கொலை, ஆட்களைக் காணாமல் ஆக்குவது பற்றிய ஆவணப்படங்கள். என்னிடம் வரும் இளம் இயக்குநர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வருவார்கள். ஹார்ட் டிஸ்கில் முப்பது நாற்பது மணி நேரப் பேட்டி இருக்கும். ஒவ்வொன்றும் மனதைப் பிசையும். "இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "இந்த அம்மா சொல்வது பொய் என்று நாளைக்கு ஒரு அமைச்சர் சொன்னால், அந்த அம்மாவோடு சேர்ந்து நிற்க இந்த டிஸ்கில் வேறு என்ன இருக்கிறது?"

பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அந்த 'வேறு என்ன'வை எப்படிச் சேர்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடாரில் எல் மொசோத்தே என்று ஒரு சிற்றூர். 1981 டிசம்பரில் ராணுவம் அந்த ஊரையும் சுற்றியிருந்த ஊர்களையும் அழித்தது. ருஃபினா அமாயா என்ற பெண் ஒளிந்து தப்பினார். அவருடைய கணவரும் நான்கு பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே இரண்டு பெரிய அமெரிக்க நாளிதழ்களின் நிருபர்கள் அங்கே போய், அவர் சொன்னதைக் கேட்டு எழுதினார்கள். எல் சால்வடார் அரசும் அமெரிக்க அரசும் ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டன. 1992-இல் அர்ஜென்டினாவின் தடய மானுடவியல் குழு வந்து மண்ணைத் தோண்டியது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கட்டடத்தில் 143 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் 130-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். ருஃபினா முதல் நாளிலிருந்து சொன்னது அதைத்தான். மண் சாட்சி சொல்ல வரும்வரை பத்து வருஷம் அந்தப் பெண் தனியாக நின்றார். உங்கள் படத்தில் பேசுகிற ஒருவருக்கு அந்த நிலை வரக்கூடாது.

முதலில் ஒரு அட்டவணை

கேமராவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு விரிதாளைத் திறந்து நான்கு பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில், படம் சொல்லப்போகிற ஒவ்வொரு கூற்றும் ஒரு வாக்கியமாக: 'இந்த நாளில் இந்த இடத்தில் இன்னார் இதைச் செய்தார்கள்.' இரண்டாவதில் அதைச் சொல்பவர். மூன்றாவதில் அவரைச் சாராத வேறு ஆதாரம். நான்காவதில், மறுப்பவர் என்ன சொல்வார் என்பது. இந்த நான்காவது பத்தியைச் சோம்பல் படாமல், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மாதிரி உட்கார்ந்து எழுதுங்கள். 'அந்த நாளில் எங்கள் படைப்பிரிவு அங்கே இல்லை', 'அந்தச் சீருடையைக் கடையில் வாங்கலாம்', 'அவருக்கு எங்கள்மேல் பகை', 'வீடியோ வேறு நாட்டில் எடுத்தது.' வரப்போகிற மறுப்பு இந்த நான்கைந்துக்குள்தான் இருக்கும். ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் எதைத் தேடி அலைய வேண்டும் என்று தெரியும்.

மூன்றாவது பத்தி காலியாக இருக்கிற கூற்று படத்தில் வரலாம். ஆனால் அது அவர் சொன்னதாக, அவர் குரலில் மட்டுமே வர வேண்டும். பின்னணிக் குரல் அதை நடந்த உண்மையாக அறிவிக்கக்கூடாது.

அப்புறம், சாட்சியிடம் போகும்போது இதை மறக்காமல் கேளுங்கள்: "வீட்டில் ஏதாவது காகிதம் இருக்கிறதா?" ஆப்கானிஸ்தானில் தில்லாவர் என்ற டாக்ஸி ஓட்டுநர் 2002 டிசம்பரில் பக்ராம் அமெரிக்கத் தளத்துச் சிறையில் இறந்தார். இயற்கை மரணம் என்ற தொனியில்தான் ராணுவம் பேசிக்கொண்டிருந்தது. ஒரு பத்திரிகையாளர் ஊருக்குப் போனபோது, உடலோடு கொடுத்தனுப்பப்பட்ட ஒரு காகிதத்தைக் குடும்பத்தார் எடுத்துக் காட்டினார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. அது ராணுவத்தின் மரணச் சான்றிதழ். மரணத்தின் வகை என்ற இடத்தில் 'கொலை' என்று குறியிடப்பட்டிருந்தது. உலகமே தேடிய ஆதாரம் வீட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

மருத்துவச் சீட்டு, பேருந்து டிக்கெட், போன் பில், பள்ளி வருகைப் பதிவு, அன்று எடுத்த செல்ஃபி என எதையும் அற்பம் என்று தள்ளாதீர்கள். அங்கேயே, அவர்கள் கண் முன்னாலேயே புகைப்படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அசலைக் கையோடு கொண்டுவரவே கூடாது. தொலைந்தால் அவர்களிடம் வேறு பிரதி கிடையாது.

வீடியோவின் ஓரங்களைப் பாருங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். இப்போது எல்லார் கையிலும் போன் இருப்பதால் உங்களுக்கு வரப்போகிற ஆதாரத்தில் பாதி, யாரோ எடுத்து யாரோ அனுப்பிய வீடியோவாகத்தான் இருக்கும்.

ஒரு படத்துக்காக 38 வினாடி வீடியோ ஒன்று எங்களுக்கு வந்தது. தரையில் ஒருவர் கிடக்கிறார், சுற்றிலும் சீருடைக்காரர்கள் உதைக்கிறார்கள். எங்கள் சாட்சி சொன்ன சம்பவத்தோடு அப்படியே பொருந்தியது. அதைத் தொடக்கக் காட்சியாக வைத்து வெட்டி, மூன்று பேர் பார்த்து ஒப்புதலும் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து நிறத்தைச் சரிசெய்ய உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன்: மேல் இடது ஓரத்தில், இரண்டு வினாடிக்கும் குறைவாக, ஒரு லாரி சாலையின் வலப்பக்கமாகப் போகிறது. நாங்கள் படம் எடுத்த நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகும். தேடிப் பார்த்தால் அது வேறு நாட்டில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. எங்கள் சாட்சி சொன்னது முழுக்க உண்மை. அவருக்கு உதவுகிற எண்ணத்தில் யாரோ அந்த வீடியோவை அனுப்பியிருந்தார்கள். அது அப்படியே வெளியாகியிருந்தால் மறுப்பவர் அந்த லாரியைப் பிடித்துக்கொண்டு அவருடைய மொத்த வாக்குமூலத்தையும் கிழித்திருப்பார்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். வந்த வீடியோவை ஒருமுறை முழுதாகப் பார்த்தபின், மானிட்டரின் நடுப்பகுதியில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவிடுவேன். வன்முறை நடக்கிற இடம் மறைந்துவிடும். ஓரங்கள் மட்டும் தெரியும். அப்போதுதான் கடைப் பலகையின் எழுத்து, வண்டியின் நம்பர் பலகை, மின்கம்பத்தின் வடிவம், தூரத்துக் குன்று, நிழல் விழும் திசை எல்லாம் கண்ணில் படும். நடுவில் ஒரு மனிதர் அடிபடும்போது நம் கண் வேறெங்கும் போகாது, போகவும் கூடாது. அதனால்தான் இந்தத் தாள்.

இந்த வேலையை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு கேமரூன் உதாரணத்தைத்தான் எல்லாருக்கும் சொல்வேன். 2018 ஜூலையில் ஒரு வீடியோ பரவியது. இரண்டு பெண்களையும் இரண்டு சின்னக் குழந்தைகளையும் சீருடைக்காரர்கள் ஒரு மண்பாதையில் நடத்திப் போய்ச் சுட்டுக் கொல்கிறார்கள். கேமரூன் அரசு அதைப் போலிச் செய்தி என்றது. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு அதை எடுத்து பிரேம் பிரேமாகப் பிரித்தது.

முதல் கேள்வி, எங்கே? வீடியோவின் தொடக்கத்தில் பின்னால் ஒரு மலைத்தொடர் தெரிந்தது. அதன் மேல்கோட்டை எடுத்து கூகுள் எர்த்தின் நிலவடிவங்களோடு ஒப்பிட்டுக்கொண்டே போனார்கள். வாரக்கணக்கில் பொருந்தவில்லை. பிறகு உள்ளூர் ஆள் ஒருவரிடமிருந்து செலெவெட் என்ற ஊர்ப் பக்கம் பாருங்கள் என்று துப்பு வந்தது. நாட்டின் வடகோடியில், நைஜீரிய எல்லைக்குப் பக்கத்தில் உள்ள ஊர் அது. அங்கே மலைக்கோடு அப்படியே உட்கார்ந்தது. அடுத்து பாதை, வீடுகள், மரங்கள் என ஒவ்வொன்றாகச் செயற்கைக்கோள் படத்தில் அடையாளம் கண்டார்கள்.

இரண்டாவது, எப்போது? வீடியோவில் தெரிகிற ஒரு கட்டடம் 2014 நவம்பர் செயற்கைக்கோள் படத்தில் இல்லை. இன்னொன்று 2016 பிப்ரவரிக்குப் பிறகு இல்லை. ஆக, இரண்டுக்கும் இடைப்பட்ட காலம். அந்த நடைபாதை வறண்ட மாதங்களில் மட்டும் தோன்றுவது. கடைசியாக, நடந்துபோகிற சிப்பாய்களின் நிழல். நிழலின் நீளத்திலிருந்தும் திசையிலிருந்தும் சூரியன் எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் இருந்தது என்று கணக்கிடலாம். அப்படிச் சுருக்கிக்கொண்டே வந்து 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையில் என்று நிறுத்தினார்கள். மூன்றாவது கேள்வி, யார் என்பது. துப்பாக்கியின் வகை, சீருடையின் நிறம், பேச்சில் வந்த பெயர்கள், சிப்பாய்கள் ஃபேஸ்புக்கில் தாங்களே போட்ட படங்கள் எல்லாம் அதற்கு உதவின. செப்டம்பரில் படம் வெளிவருவதற்கு முன்பே அரசு இறங்கிவந்து, 7 ராணுவத்தினரைக் கைது செய்திருப்பதாக அறிவித்தது. 2020-இல் அவர்களில் நான்கு பேருக்கு 10 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது.

இதே வரிசையை நீங்களும் பின்பற்றலாம். எங்கே, எப்போது, யார் என்ற இந்த வரிசையை மாற்றாதீர்கள். இடம் உறுதியாகாமல் நேரத்தைக் கணக்கிட முடியாது, ஏனென்றால் நிழல் கணக்குக்கு அட்சரேகை தெரிய வேண்டும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: அநேகமாக ஒவ்வொரு நிழலும் வருஷத்தில் இரண்டு முறை அதே மாதிரி விழும், சூரியன் வடக்கே போகும்போது ஒன்று, தெற்கே திரும்பும்போது ஒன்று. இரண்டில் எது என்பதைப் பயிரின் உயரம், ஆற்றில் ஓடும் நீர், காய்ந்த புல் இவைதான் சொல்லும். கூகுள் எர்த்தின் கணினிப் பதிப்பில் பழைய தேதிப் படங்களைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம். அவற்றில் ஒரு புள்ளி 10 மீட்டர், ஆகவே ஆள் தெரியாது, ஆனால் எரிந்த ஊர் தெரியும். மியான்மரின் ரக்கைன் மாநிலத்தில் 2017-இல் ரோஹிங்கியா ஊர்கள் எரிக்கப்பட்டபோது அந்தப் பகுதிக்குள் யாரும் போக முடியவில்லை. குறைந்தது 392 ஊர்கள் பகுதியாகவோ முழுதாகவோ அழிந்தன என்று ஐநா உண்மை கண்டறியும் குழு சொல்ல முடிந்ததற்கு வானத்திலிருந்து எடுத்த படங்கள் பெரிய காரணம்.

கோப்பைப் பத்திரப்படுத்துவது பற்றிச் சுருக்கமாக. வாட்ஸ்அப்பில் வருகிற வீடியோ சுருங்கி, எடுத்த நேரம் போன்ற உள்விவரங்களை இழந்துதான் வரும். எடுத்தவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவர் போனிலிருந்து கேபிள் போட்டு அசல் கோப்பை நகலெடுங்கள். உடனே எஸ்எச்ஏ-256 ஹாஷ் எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான ஒரு எண்ணை, கணக்கிட்டு, யார், எப்போது, எப்படிக் கொடுத்தார் என்பதோடு எழுதி வையுங்கள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். அசலைத் தொடாமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். இணையத்தில் கண்டதை அன்றைக்கே இறக்கி வையுங்கள். 2017-இல் யூடியூபின் தானியங்கி வடிகட்டி, வன்முறைக் காட்சி என்று சொல்லி சிரியப் போர்க்குற்றங்களின் வீடியோக்களை ஆயிரக்கணக்கில் நீக்கியது. எடுத்தவர்களில் பலர் அதற்குள் உயிரோடு இல்லை. இந்த வேலைக்கு முறையான வழிகாட்டி வேண்டும் என்றால், 2020-இல் ஐநா மனித உரிமை அலுவலகமும் பெர்க்லி பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட பெர்க்லி நெறிமுறையைப் படியுங்கள்.

உங்களுக்கு விளங்காததை மறைக்காதீர்கள். கைகள் கட்டப்பட்டவர்களை இலங்கைச் சிப்பாய்கள் சுட்டுக்கொல்வதாகக் காட்டும் வீடியோவை 2009 ஆகஸ்டில் பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பியது. நாம் யாரும் அதை மறந்திருக்க மாட்டோம். இலங்கை அரசு அது ஜோடிக்கப்பட்டது என்றது. ஐநாவின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் வீடியோ தொழில்நுட்பம், துப்பாக்கி, தடய மருத்துவம் ஆகிய மூன்று துறை நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். 2010 ஜனவரியில் அவர் முடிவை வெளியிட்டபோது, வீடியோ உண்மையானது என்றே தெரிகிறது என்றார். கூடவே நிபுணர்களால் விளக்க முடியாத மூன்று விஷயங்களையும் பட்டியலிட்டார்: சிலரின் உடலசைவு, கடைசியில் இருந்த 17 பிரேம்கள், கோப்பில் பதிந்திருந்த தேதி. அந்தப் பட்டியல் அறிக்கையைப் பலவீனமாக்கவில்லை. மறுப்பவர் கண்டுபிடித்துக் கத்துவதற்கு மிச்சம் வைக்காமல் முந்திக்கொண்டது.

பேட்டி

சம்மதம் என்பதை ஒரு கையெழுத்தாக நினைக்காதீர்கள். நான் வேலை செய்கிற படங்களில் மூன்று முறை கேட்கச் சொல்வேன். எடுப்பதற்கு முன், எடுத்து முடித்த மறுநாள், தொகுத்த பகுதியை அவருக்கே போட்டுக் காட்டியபின். மறுநாள் கேட்பது முக்கியம். பேசி முடித்த வேகத்தில் எல்லாரும் சரி என்பார்கள். ராத்திரி தூங்காமல் யோசித்தபின் வருகிற பதில்தான் பதில். கேட்கும்போதும் "உலகம் முழுக்கப் பார்ப்பார்கள், பரவாயில்லையா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பயனில்லை. "உங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் போனில் இதைப் பார்ப்பார். உங்கள் மகன் வேலை செய்கிற இடத்தில் பார்ப்பார்கள். அடித்தவரும் பார்ப்பார். அப்போது என்ன நடக்கும்?" என்று ஒவ்வொரு முகமாக நினைக்க வைத்துக் கேளுங்கள்.

அவர் ஏற்கெனவே வேறு யாரிடமாவது விரிவாகச் சொல்லியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். போர்ப் பாலியல் வன்முறையிலிருந்து மீண்டவர்களிடம் ஒவ்வொரு குழுவும் வந்து அதையே முதலிலிருந்து சொல்ல வைத்தது பெரிய கொடுமையாகவே ஆகிவிட்டது. 2022-இல், ஐஎஸ் அமைப்பின் பாலியல் அடிமைத்தனத்திலிருந்து தப்பிய யசீதிப் பெண் நாதியா முராத்தின் பெயரால் ஒரு நடத்தை விதி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இருக்கிற வாக்குமூலம் போதுமென்றால் அதை அவர் அனுமதியோடு வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா முன்னால் அவர் சொல்ல விரும்புவதை மட்டும் சொல்லட்டும்.

"எப்படி உணர்ந்தீர்கள்?" என்ற கேள்வியை நான் கேட்ட பேட்டிகளில் அது ஒன்றையும் தந்ததில்லை, அழுகையைத் தவிர. காதும் கையும் காலும் அறிந்ததைக் கேளுங்கள். கதவு எந்தப் பக்கம் திறந்தது? எத்தனை படி இறங்கினீர்கள்? என்ன வாசனை? சிரியாவின் சைத்னாயா சிறையில் கைதிகளுக்குக் கண்ணைக் கட்டிவிடுவார்கள், பேசக்கூடாது என்பது சட்டம். 2024 டிசம்பரில் அந்தச் சிறை திறக்கப்படும்வரை வெளியிலிருந்து பார்வையாளர்கள் யாரும் உள்ளே போக முடியவில்லை. 2016-இல் ஃபாரென்சிக் ஆர்கிடெக்சர் என்ற லண்டன் ஆய்வுக் குழுவும் அம்னெஸ்டி மனித உரிமை அமைப்பும், மீண்டு வந்தவர்களை உட்கார வைத்து, அவர்கள் காதால் கேட்டதைக் கொண்டே அந்தக் கட்டடத்தின் மாதிரியை எழுப்பினார்கள். காலடி எத்தனை நேரம் எதிரொலித்தது, கதவு இடித்த சத்தம் எவ்வளவு தூரத்தில் கேட்டது என்று ஒவ்வொன்றாக. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து அறையை வரையச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் இருந்த இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல் வரைந்த இரண்டு படங்களில் தண்ணீர்த்தொட்டி ஒரே மூலையில் இருந்தது. அந்த இரண்டு தாள்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எந்தப் பின்னணிக் குரலும் தேவைப்படவில்லை.

நாளும் வரிசையும் குழம்பினால் பதறாதீர்கள். அடிபட்டவர் தேதியை மாற்றிச் சொல்வார், அடித்தவரின் செருப்பைச் சரியாகச் சொல்வார். முரணை அவரிடம் குறுக்குவிசாரணை மாதிரி நீட்டாமல், உங்கள் அட்டவணையில் குறித்துக்கொண்டு வெளி ஆதாரத்தால் தீருங்கள். சாட்சிகளைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசாதீர்கள். ஒருவர் நினைவு இன்னொருவர் வாய்க்குள் போய்விடும்.

மொழிபெயர்ப்பில் நான் அதிகம் சண்டை போட்டது வினைச்சொல்லுக்காக. "கொண்டு போனார்கள்" என்று ஒருவர் சொன்னால் வசனவரியில் "கடத்தினார்கள்" என்று போடாதீர்கள். அவர் சொன்னதை விடக் கனமான சொல்லை அவர் வாயில் வைத்தால், நாளைக்கு நீதிமன்றத்தில் திணறப் போவது அவர்தான். அதே மாதிரி, சொன்னதை விட மென்மையாக்கவும் கூடாது. 'காணாமல் போனோர்' என்பதற்கும் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதற்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்துக்காகத் தாய்மார்கள் வருஷக்கணக்கில் தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தச் சொல்லை அவர் சொன்னாரோ அதே எடையில் இன்னொரு மொழியில் தேடுங்கள். கிடைக்கும்வரை தேடுங்கள்.

முகத்தை மறைத்தால் போதாது

இதைத் தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஒரு பெண்ணின் முகத்தை முழுக்க மங்கலாக்கினோம், குரலின் சுருதியை இறக்கினோம், பெயரை மாற்றினோம். படம் வெளியான நான்காவது நாள் அவர் உறவினர் ஒருவர் போன் செய்து, "எங்கே உட்கார்ந்து பேசினாய் என்று தெரியும்" என்று சொல்லியிருக்கிறார். அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கம்பியின் வளைவு வேலைப்பாடுதான் காட்டிக்கொடுத்தது. அந்தத் தெருவில் அந்த ஒரு வீட்டில்தான் அந்த மாதிரிக் கம்பி. ஜன்னல் பிரேமில் இருந்ததை நான் நூறு தடவை பார்த்திருப்பேன். அவர் வீடு மாற வேண்டியிருந்தது. அதற்கு நானும் பொறுப்பு.

இப்போது மறைக்க வேண்டிய பேட்டியை அவர் வீட்டில் எடுக்க விடுவதே இல்லை. வெற்றுச் சுவர், வேறு ஊர், கைகள் பிரேமுக்கு வெளியே. மோதிரம், தழும்பு, நடை, உட்காரும் விதம் எல்லாமே அடையாளம்தான். வெளியே கேட்கிற ஒலிபெருக்கி, ரயில் சத்தம்கூட இடத்தைச் சொல்லிவிடும். சுருதி மாற்றிய குரலைப் பழையபடி திருப்பிவிட முடியும், அதனால் வேறொருவரைப் பேசவைத்து அந்தக் குரலைப் போடுங்கள், போட்டதைத் திரையில் சொல்லுங்கள். மங்கலாக்குவதை விட, ஆரம்பத்திலேயே முதுகுப்பக்கமிருந்து இருட்டில் எடுப்பது நல்லது. முகம் தெரிகிற கோப்பு உலகத்தில் எங்கும் இல்லையென்றால் யாரும் திருட முடியாது.

முகமே இல்லாத பேட்டி மனதைத் தொடாது என்று இயக்குநர்கள் கவலைப்படுவார்கள். ரஷ்யாவின் செச்சினியாவில் ஒருபாலீர்ப்பாளர்கள் வேட்டையாடப்பட்டதைப் பற்றிய 2020-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், தப்பியோடியவர்களின் முகத்தின்மேல் தாமாக முன்வந்தவர்களின் முகங்களைக் கணினியால் பொருத்தினார்கள். கண் கலங்குவது, உதடு துடிப்பது எல்லாம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. அவர்களில் மக்சிம் லாபுனோவ் வெளிப்படையாகப் புகார் கொடுக்க முன்வந்தபோது, திரையிலேயே அந்தப் பொய்முகம் கரைந்து அவருடைய சொந்த முகம் வந்தது. எப்போது வெளியே வருவது என்பதை அவரே தீர்மானித்தார். 2023-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

உங்கள் குழுவினரையும் இதே கண்ணால் பாருங்கள். இந்தோனேசியாவின் 1965–66 படுகொலைகளைப் பற்றி 2012-இல் வந்த படத்தின் பெயர்ப்பட்டியலில் இணை இயக்குநர் தொடங்கிப் பலருக்கும் 'பெயர் வெளியிடப்படாதவர்' என்றே இருக்கும். இயக்குநர் ஊருக்குத் திரும்பிவிடுவார். ஓட்டுநரும் மொழிபெயர்ப்பாளரும் அங்கேதான் இருப்பார்கள்.

தொகுப்பு மேசையில்

ஒலியில்லாத வீடியோவுக்குத் துப்பாக்கிச் சத்தம் சேர்க்காதீர்கள். அது பொய்ச்சாட்சி. ஒரு கொலையை மூன்று முறை திருப்பிக் காட்டாதீர்கள், இறந்தவருக்கு வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். மறு ஆக்கக் காட்சி, அதாவது நடந்ததை மறுபடி நடிக்க வைத்து எடுத்தது என்றால் அது ஓடுகிற நேரம் முழுக்க அப்படியென்று திரையில் எழுதியிருக்க வேண்டும். பொருத்தமான காட்சி கிடைக்கவில்லை என்று வேறு நாட்டு இடிபாடுகளை நிரப்பியாகப் போடாதீர்கள்.

குற்றம் சாட்டப்படுகிறவரிடம் எழுத்தில் கேள்விகளை அனுப்புங்கள். ஒவ்வொரு குற்றச்சாட்டும் தனித்தனியாக, பதில் சொல்லப் போதுமான அவகாசத்தோடு. சாட்சிகள் யாரென்று அந்தக் கடிதத்திலிருந்து ஊகிக்க முடிகிறதா என்று இரண்டு பேர் படித்துப் பார்த்தபின் அனுப்புங்கள். பதில் வந்தால் அதன் சாரத்தைத் திரிக்காமல் படத்தில் வையுங்கள். சில சமயம் மறுப்பே ஆதாரமாகிவிடும்: 'அன்று எங்கள் வாகனம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, எதிரில் நின்றது' என்று ஒரு பதில் வந்தது. அதுவரை வாகனம் போனதையே அவர்கள் ஒப்புக்கொண்டதில்லை.

உங்கள் உடம்பையும் பாருங்கள். புதிய வன்முறைக் காட்சியை முதலில் ஒலியை நிறுத்தி, சின்ன ஜன்னலில் பார்ப்பேன். உள்ளே தங்குவது சத்தம்தான். இரவு எட்டு மணிக்குமேல் அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை. கோப்பின் பெயரிலேயே '02:14-இல் குழந்தை' என்று எழுதிவைப்பேன், அடுத்தவர் தெரியாமல் போய் மோதக்கூடாது என்பதற்காக.

வெளியான பிறகு

தேதியை முடிவு செய்யும்போதே சாட்சிகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த வாரம் அவர்கள் வேறு இடத்தில் தங்க வேண்டுமா, அதற்கு யார் பணம் தருவது என்பது படத்தின் பட்ஜெட்டில் ஆரம்பத்திலேயே ஒரு வரியாக இருக்க வேண்டும். நீதி கிடைக்கும் என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்காதீர்கள். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவிலிருந்து பிடித்துப்போன ஆறு பேரைக் கொலையாளிகள் தாங்களே படம் பிடித்த வீடியோ, 1995-இல் எடுத்தது, முன்னாள் செர்பிய அதிபர் மிலோஷெவிச்சின் போர்க்குற்ற விசாரணையில் 2005 ஜூனில்தான் திரையிடப்பட்டது. உங்கள் அசல் கோப்புகளும் ஹாஷ் எண்களும் அட்டவணையும் அவ்வளவு வருஷம் தாங்கும்படி, இரண்டு வெவ்வேறு இடங்களில், யார் திறக்கலாம் என்று எழுதிவைத்து இருக்கட்டும்.

அழைப்புகளுக்கு ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறேன். வெளியான அன்று, ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில், அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. எட்டு நிமிஷப் பேச்சுதான், பாதி நேரம் படத்தைப் பற்றியே இருக்காது. அப்படி ஒரு அழைப்பில், வெளியாகி இரண்டு வருஷம் கழித்து, ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: மகளுக்குக் கல்யாணம் பேசுகிறோம், என் பகுதியை எடுத்துவிட முடியுமா என்று. விநியோக ஒப்பந்தத்தில் பாதுகாப்புக் காரணத்துக்காகக் காட்சியை நீக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். உங்கள் ஒப்பந்தத்திலும் அதைச் சேருங்கள். ஏற்கெனவே நகலெடுத்தவர்களிடமிருந்து திரும்பப் பெற முடியாது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவருடைய பகுதி நான்கு நிமிஷம் பத்து வினாடி. எடுத்துவிட்டு, அவர் சொன்னதை மருத்துவச் சீட்டையும் அந்த இரண்டு வரைபடங்களையும் கொண்டு சொல்கிற மாதிரி அந்த இடத்தை மறுபடி தொகுத்தேன். எல்லாத் தளங்களிலும் இப்போது ஓடுவது அந்தப் பதிப்புதான்.